சிறிய மாஸ்டடான் சர்வரில் புதியவர்களை வரவேற்பது எப்படி?

மாஸ்டடான் என்பது தனித்தனியே நடத்தப்படும் பல சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்த சமூக வலைத்தளம். அதில் முகப்பை அல்காரிதம் நிரப்பித் தருவதில்லை. பிற சர்வர்களின் பதிவுகளும் பெரும்பாலும் நம்மவர் யாரேனும் அங்குள்ளவரைப் பின்தொடர்ந்தால்தான் வந்துசேரும் என்பதால், சிறிய சர்வரில் சேர்பவர் முதலில் காண்பது வெறும் திரையைத்தான். ஆகவே பல சர்வர்களில் தவறாமல் எழுதுவோரை நிர்வாகி முன்கூட்டியே பின்தொடர்ந்து வைத்திருக்க வேண்டும்.

புதியவரின் முதல் பதிவுக்கு அன்றைக்கே பதில் எழுதுங்கள். விருப்பக்குறி பதிவைப் பரப்பாது, மறுபகிர்வுதான் பரப்பும். பறவைகளைப் படமெடுப்பதாக அவர் எழுதியிருந்தால், எந்தப் பறவை என்று கேட்டு, அதே ஆர்வமுள்ள இருவரை அறிமுகப்படுத்தி, ஹேஷ்டேக் இடவும் சொல்லிக்கொடுங்கள். என் பார்வையில், நீண்ட விதிப்பட்டியலைவிட இந்த உரையாடலே அவரைத் தங்கவைக்கிறது.

நிர்வாகி ஒருவரே என்றால் சோர்வு நிச்சயம். புகார்களைக் கவனிக்க இன்னொருவரையும் நியமித்துவிடுங்கள்.