வீட்டில் பார்பெக்யூ: வெளியே கரி, உள்ளே பச்சை

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் புதுக் கரி அடுப்பில் முதன்முதலாகக் கோழி சுட்டார். நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செய்த ஒவ்வொன்றும் பத்து வருடத்துக்கு முன் நான் செய்தது. நமுத்த கரி வாங்காதே, கம்பியைத் தேய்த்து வை என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கங்குகளை அடுப்பு முழுக்கப் பரப்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பாய் விரித்தமாதிரி கரியைச் சமமாகப் பரப்பிவிடுகிறார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் கோழிக்கு ஒதுங்க இடமில்லை.

தோலில் இருக்கும் கொழுப்பு உருகிக் கங்கின் மேல் சொட்டும். சொட்டியதும் தீ எழும்பும். ஐந்தே நிமிடத்தில் தோல் கறுத்துவிடும், எலும்போரம் பச்சையாகவே கிடக்கும். பதறிப்போய்த் தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து வந்து கறியில் அப்பும்.

ஒருமுறை உறவினர்களைக் கூப்பிட்டுவிட்டு நான்கு கிலோ தொடைக்கறியை இப்படி ஒரே நேரத்தில் அடுக்கினேன். இடுக்கியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் இங்கிருந்து அங்கே தள்ளினேன். போன இடமெல்லாம் நெருப்பு. கடைசியில் கருகிய தோலை உரித்தெறிந்து, மிச்சத்தைச் சமையலறையில் பாத்திரத்தில் போட்டு அவித்துப் பரிமாறினேன். அவித்த கோழிக்கு எதற்கு ஐயா கரி அடுப்பு?

செய்ய வேண்டியது சின்ன வேலை. கங்குகளை ஒரு பக்கமாகக் குவியுங்கள், மறுபாதியைக் காலியாக விடுங்கள். தடித்த துண்டுகளை முதலில் காலிப் பக்கத்தில் வைத்து மூடுங்கள். மூடியின் காற்றுத்துளை கறிக்கு மேலே வருமாறு திருப்பினால், சூடும் புகையும் கறியைத் தடவிக்கொண்டு வெளியேறும். முக்கால் பங்கு வெந்த பிறகு கங்கின் பக்கம் கொண்டுவந்து, ஒரு புறத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் காட்டினால் தோல் மொறுமொறுப்பாகும். நடுவில் தீ எழும்பினால் துண்டை மறுபடி காலிப் பக்கம் தள்ளி மூடிவிடுங்கள். காற்றுக் குறைந்தால் தீ தானே அடங்கும். இறால் மாதிரி சீக்கிரம் வேகிறதை மட்டும் நேராகக் கங்கின் மேல் வைக்கலாம்.

நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று முடிவு செய்யாதீர்கள். நன்றாக வெந்த கோழியிலும் எலும்போரம் சிவந்திருப்பதுண்டு. தெர்மாமீட்டர் முனையை எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்துங்கள். கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ் வந்தாக வேண்டும். தொடைக்கறியை 80 தாண்டவும் விடுவேன். சவ்வு இளகி இன்னும் மிருதுவாகும்.

கரி பற்றியதும் கறியை வைப்பது

நீறு பூக்கட்டும். சுமார் 20 நிமிடம் ஆகும். மண்ணெண்ணெய் ஊற்றி அவசரப்படுத்தினால் அந்த வாடையைத்தான் தின்ன வேண்டியிருக்கும். கரியை உள்ளே போட்டு, அடியில் காகிதம் வைத்துக் கொளுத்தும் தகர உருளை ஒன்று இருந்தால் போதும்.

புளிப்பில் ஊறப்போட்டு மறப்பது

ராத்திரி முழுக்க ஊறினால் மசாலா எலும்புவரை இறங்கும் என்று நானும் நம்பியிருந்தேன். ஆழமாக இறங்குவது உப்புதான்; மற்றவை பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். எலுமிச்சைச் சாறு போட்டு நெடுநேரம் வைத்தால் மேல்பகுதி மாவுமாதிரி குழைந்துபோகும். உப்பை முதல்நாளே தடவி வையுங்கள். புளிப்பைக் கடைசி ஓரிரு மணி நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

இனிப்பு சாஸ்

கடைசி ஐந்து நிமிடத்தில் பூசுங்கள். அதற்கு முன்னால் பூசினால் சர்க்கரை கருகிக் கசக்கும்.

புகை அதிகமானால் ருசி அதிகம் என்பது

வெள்ளையாகத் திரண்டு வரும் புகை கசப்பைத்தான் தரும். மெல்லிசாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலம் பாய்ந்து போக வேண்டும். கோழிக்குப் புகை காட்ட, கங்கின் மேல் கைப்பிடி அளவில் இரண்டு மரத்துண்டு போட்டால் தாராளம்.

திறந்து திறந்து பார்ப்பது

வேண்டாம்.

மழை வந்தால் அடுப்பை உள்ளே தூக்குவது

கூடவே கூடாது. கரிப் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

சாம்பலை அன்றைக்கே கொட்டுவது

அணைந்ததுபோல் இருக்கும், அடியில் கங்கு உயிரோடு கிடக்கும். மறுநாள் கொட்டுங்கள், அதுவும் தகர வாளியில். என்னுடைய பிளாஸ்டிக் வாளி அடி ஓட்டையோடு இன்னும் தோட்டத்தில்தான் கிடக்கிறது.