வால்வு ஆம்ப்ளிஃபையர் ஊளையிடாமலும் ரேடியோ பிடிக்காமலும் இருக்க

ஸ்பீக்கர் ஊளையிட்டால் கோளாறு இருப்பது உடனே தெரிந்துவிடும். காதுக்கு எட்டாத உயர்ந்த அலைவெண்ணில் ஆம்ப்ளிஃபையர் சும்மா ஆடிக்கொண்டிருப்பதுதான் (இன்புட் இல்லாமலே தானாக அலை எழுப்புவது) தொல்லை. ஒலி லேசாகக் கரகரக்கும், பாட்டே ஓடாதபோதும் அவுட்புட் வால்வின் பிளேட் (உள்ளே தெரியும் உலோகத் தகடு) சிவக்கும், ஒரு முனையில் மீட்டரை வைத்ததும் ஸ்பீக்கரில் வரும் ஒலியே மாறிவிடும். இப்படி ஏதாவது தெரிந்தால் புது வால்வு வாங்க ஓட வேண்டாம்.

கை வைக்கும் முன் ஒரு விஷயம். உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை இருக்கலாம், அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும். ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே தொடுங்கள். ஸ்பீக்கரோ டம்மி லோடோ (ஸ்பீக்கருக்குப் பதிலாக மாட்டும் பெரிய ரெசிஸ்டர்) இல்லாமல் ஆன் செய்யவும் கூடாது.

படி 1: எந்த வகை என்று பாருங்கள்

'டப் டப் டப்' என்று மெதுவாக அடித்தால் அது மோட்டார்போட்டிங். எல்லா நிலைகளும் ஒரே பவர் சப்ளையைப் பகிர்வதால் வருவது. முன்நிலைக்குப் போகும் சப்ளை வழியில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் அதற்குப் பின் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் இருக்கிறதா, அந்தக் கெப்பாசிட்டர் காய்ந்துபோனதா என்று பாருங்கள்.

ஆன் செய்து வால்வு சூடானதுமே அலறினால், ஃபீட்பேக் ரெசிஸ்டரின் (அவுட்புட்டில் ஒரு பங்கை முன்நிலைக்குத் திருப்பி அனுப்புவது) ஒரு காலைக் கழற்றுங்கள். அலறல் நின்றால் ஃபீட்பேக் தலைகீழாக வருகிறது. புஷ்-புல் (அவுட்புட் வால்வுகள் ஜோடியாக எதிரெதிராக வேலை செய்யும் வகை) என்றால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரண்டு பிளேட் வயர்களை இடம் மாற்றினால் சரி (அல்ட்ராலீனியர் என்றால், அதாவது வால்வின் ஸ்கிரீன் என்ற முனையும் ட்ரான்ஸ்ஃபார்மரில் இணைந்திருந்தால், அந்த ஸ்கிரீன் வயர்களையும் சேர்த்து).

படி 2: கிரிட் ஸ்டாப்பர்

பாதிப் பிரச்சினை தீர்வது இங்கேதான். கிரிட்டுக்கு, அதாவது வால்வில் சிக்னல் நுழையும் முனைக்கு, போகும் வயர் நீளமாக இருந்தால், அந்த வயரின் இண்டக்டன்ஸும் வால்வின் உள் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு டியூன்டு சர்க்யூட் ஆகிவிடும், ஆம்ப்ளிஃபை செய்ய வால்வு தயாராக நிற்கிறது, அப்புறம் ஆடாமல் என்ன செய்யும்? கிரிட்டில் தொடராக ஒரு ரெசிஸ்டர் (இதுதான் ஸ்டாப்பர்) போட்டால் அந்த ஆட்டம் அடங்கும். இஎல்34, இஎல்84 போன்ற அவுட்புட் வால்வுகளுக்கு 1 முதல் 5 கிலோ ஓம் வரை, முன்நிலை வால்வான 12ஏஎக்ஸ்7க்கு 10 கிலோ ஓம் நல்ல தொடக்கம். மதிப்பைவிட இடம்தான் முக்கியம், ரெசிஸ்டரின் உடல் வால்வு சாக்கெட்டின் கிரிட் காலை ஒட்டியே இருக்க வேண்டும், போர்டின் மறுமூலையில் போட்டால் இடையிலுள்ள வயர் பழையபடியே ஆன்டெனாதான். வயர்வவுண்ட் வேண்டாம், கார்பன் ஃபிலிம் அல்லது மெட்டல் ஃபிலிம் போதும். பென்டோடு (ஐந்து முனை வால்வு) என்றால் ஸ்கிரீன் காலிலும் 470 ஓம் அல்லது 1 கிலோ ஓம் போடுங்கள். இசிசி88 போல வேகமான வால்வுகளில் ஸ்டாப்பரை விட்டுவிடவே கூடாது.

படி 3: ரேடியோ பேச்சு

கிரிட்டும் கேத்தோடும் (எலெக்ட்ரானை வெளிவிடும் முனை) சேர்ந்து டையோடு போல நடந்துகொள்வதால் வலுவான ஏஎம் நிலையம் தானாக டிடெக்ட் ஆகிவிடும். 12ஏஎக்ஸ்7 இன்புட் நிலையில் பிளேட்-கிரிட் கெப்பாசிட்டன்ஸ் மில்லர் விளைவால் (வால்வு பெருக்குவதால் அது பல மடங்காகத் தெரிவது) பெருகி, மொத்தம் ஏறக்குறைய 120 பிக்கோஃபாரட் ஆகும். 10 கிலோ ஓம் ஸ்டாப்பரோடு இது 130 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டத் தொடங்கும், ஏஎம் வரும் மீடியம் வேவ் 530 கிலோஹெர்ட்ஸ் வாக்கில்தான் தொடங்குகிறது. கிட்டார் ஆம்ப்களில் வழக்கமான 68 கிலோ ஓம் என்றால் 20 கிலோஹெர்ட்ஸிலேயே வெட்டிவிடும், கூடவே இரைச்சலும் ஏறும், ஹைஃபைக்கு நான் அதைப் போடமாட்டேன். இன்புட் சாக்கெட்டின் கிரவுண்டை அங்கேயே சேஸிஸில் சேருங்கள். அப்போதும் ரேடியோ கேட்டுக்கொண்டே இருந்தால் உள்வரும் வயரில் ஒரு ஃபெரைட் மணியைக் கோர்த்துப் பாருங்கள்.

படி 4: வயர் ஓட்டம்

இன்புட் வயரும் அவுட்புட் வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவே கூடாது, குறுக்கே போக வேண்டியிருந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். வால்யூமை ஏற்றினால் மட்டும் வரும் கீச்சொலிக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மரக்குச்சியால் ஒவ்வொரு வயராக நகர்த்திப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

படி 5: ஃபீட்பேக்கோடு சோதனை

10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை கொடுத்து ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். மூலையில் ஒன்றிரண்டு அலை மட்டும் எழுந்து அடங்கினால் பரவாயில்லை, நீளமாக ஆடினால் ஃபீட்பேக் ரெசிஸ்டருக்கு இணையாகச் சிறு கெப்பாசிட்டர் போட்டு, 47 பிக்கோஃபாரடில் தொடங்கிக் கூட்டிப் பாருங்கள். பிறகு டம்மி லோடுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் சேர்த்து மறுபடியும் அதே சோதனை. அப்போதும் ஆடாவிட்டால் நீளமான ஸ்பீக்கர் கேபிளைத் தைரியமாக மாட்டலாம்.