பியன்சாவில் ஓடப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் உள்ள பியன்சா மிகச் சிறிய ஊர். அதன் தெற்கு மதிலோரம் நின்றால் ஓர்ச்சா பள்ளத்தாக்கு முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். எதிரே 1738 மீட்டர் உயரமுள்ள அமியாத்தா மலை. இடையில் கோதுமை வயல்கள், தனித்தனியே நிற்கும் பண்ணை வீடுகள், அவற்றுக்கு நடுவே வளைந்து செல்லும் வெண்ணிறச் சரளைச் சாலைகள். ஓடிப் பழகிய எவருக்கும் அதைப் பார்த்ததும் கால் பரபரக்கும். அந்தப் பரபரப்பில்தான் முதல் தவறும் நடக்கிறது.

மலையில் ஓடுவது என்றாலே அடிவாரத்தில் புறப்பட்டு, மேலே ஏறி, களைத்த பிறகு இறங்கி வருவதைத்தான் நினைத்துக்கொள்கிறோம். பியன்சாவில் இது தலைகீழ். டஸ்கனியின் பழைய ஊர்கள் பலவற்றைப் போல இதுவும் பாதுகாப்பை எண்ணி மேட்டின் முதுகில், சுமார் 490 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். பள்ளத்தாக்கு நோக்கிப் போகும் எந்தப் பாதையும் இறக்கத்தில்தான் தொடங்கும். உடலில் தெம்பு நிறைந்திருக்கும்போது இறக்கம், தெம்பு தீர்ந்த பிறகு ஏற்றம். ஆற்றங்கரை வரை போய்விட்டால் திரும்பி ஏறவேண்டிய உயரம் 200 மீட்டருக்கும் மேல். இதைக் கணக்கில் கொள்ளாமல் "தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன், இங்கேயும் ஓடுவேன்" என்று கிளம்புகிறவர்கள் ஊர் மதிலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஓர் அடியும் எடுத்துவைக்க முடியாமல் நிற்கிறார்கள். முதல் நாள் நானும் அப்படித்தான் நின்றேன்.

இத்தாலிய ஓட்டக்காரர்களிடம் ஒரு பாதையைப் பற்றிக் கேட்டால் தூரத்தோடு "திஸ்லிவெல்லோ" எவ்வளவு என்பதையும் சொல்வார்கள். பாதை முழுவதிலும் ஏறவேண்டிய உயரத்தின் கூட்டுத்தொகை அது. மலைப்பாதை ஓட்டத்தில் புழங்கும் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் தூரத்தில் ஒரு கிலோமீட்டரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். 12 கிலோமீட்டர் பாதையில் 400 மீட்டர் ஏற்றம் இருந்தால் அதை 16 கிலோமீட்டராக எண்ணிப் புறப்படுங்கள். துல்லியமான கணக்கு இல்லை என்றாலும், தண்ணீரும் நேரமும் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்ய இது போதும்.

ஏற்றத்தைவிட இறக்கம் செய்யும் கேடு பெரிது. அது அன்றைக்குத் தெரியாது. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகின்றன. அப்படி வேலை செய்யும் தசை இழைகளில் நுண்ணிய சேதம் ஏற்படும். மூச்சு வாங்காததால் வேகமாகப் போகிறோம் என்ற மகிழ்ச்சி மட்டும் இருக்கும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் படியிறங்கும்போது வலி ஆளைப் பிடித்து உலுக்கும். மூன்று நாள் விடுமுறையில் வந்தவர் முதல் காலையிலேயே பாய்ந்து இறங்கினால் மற்ற இரண்டு நாளையும் இழந்துவிடுவார். ஆகவே முதல் மூன்று கிலோமீட்டர் கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்கவே வேண்டாம். காலடியைக் குறுக்கி, பாதம் உடலுக்கு நேர்கீழே விழும்படி, மெதுவாக இறங்குங்கள். கடைசி ஏற்றத்தில் நடக்கலாம். தேர்ந்த மலையோட்டக்காரர்களும் செங்குத்தில் நடக்கவே செய்கிறார்கள்.

பாதையைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே எண்ணம் இருக்கட்டும். பள்ளத்தாக்கின் அடியில் எங்கோ திரும்பி வருவதைவிட, நடுவழியில் இன்னொரு மேட்டு ஊரைத் தொட்டு வரும் பாதை நல்லது. கிழக்கே உள்ள மொந்திக்கியெல்லோ அதற்கு ஏற்ற ஊர். கிராமத்து மக்களே தங்கள் வாழ்க்கையை நாடகமாக எழுதி 1967 முதல் கோடைதோறும் நடித்துவரும் ஊர் அது. அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். ஓட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுவதால் கடைசி ஏற்றத்துக்கு வலு மிஞ்சும்.

அடுத்த தவறு, செல்பேசிச் செயலி காட்டும் கோட்டை அப்படியே நம்புவது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது, அது தெரிந்தால் நிலம் புரியும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்த வயல்களை வாரத்துக்கு, அதாவது விளைச்சலை நில உரிமையாளரோடு பங்கிட்டுக்கொண்டு, உழுத குடும்பங்கள் "பொதேரே" எனப்படும் பண்ணை வீடுகளில் வாழ்ந்தன. வீட்டுக்கு வீடு, வீட்டிலிருந்து ஓடைக்கு என்று எங்கும் வண்டித்தடங்கள் இருந்தன. பிறகு மக்கள் நகரங்களுக்குப் போனார்கள். 1964இல் வந்த சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. வீடுகள் காலியாகின, தடங்கள் பலவும் டிராக்டரின் உழவுக்குள் மறைந்துபோயின. மிஞ்சிய வீடுகளில் பல இன்று பயணியர் விடுதிகள். வரைபடத்தில் உயிரோடு இருக்கும் பாதை, நேரில் உழுத வயலிலோ பூட்டிய வாயிற்கதவிலோ முடிந்துவிடும். "ப்ரொப்ரியெத்தா ப்ரிவாத்தா" என்ற பலகை தனியார் இடம் என்பதைச் சொல்கிறது. அதைக் கண்டால் திரும்பிவிடுங்கள். முளைத்து நிற்கும் கோதுமைக்குள் குறுக்கே புகுந்து வழி தேடுவது கூடவே கூடாது. அழகான காட்சி என்று நாம் ரசிப்பது அங்கே ஒருவருடைய ஓராண்டு வருமானம். சிவப்பும் வெள்ளையுமான பட்டைக்குறி தீட்டிய நடைபாதைகள் அநேகமாக நம்பகமானவை.

வரைபடத்தில் நேராகத் தெரிகிறது என்பதற்காக சான் குவீரிகோவிலிருந்து பியன்சா வழியாக மொந்தேபுல்சியானோ செல்லும் தார்ச்சாலையில் ஓடாதீர்கள். அது எஸ்பி 146 என்னும் மாகாணச் சாலை. ஒதுங்க இடம் குறைவு, வாகனம் ஓட்டுகிறவர்களின் கண்ணும் பாதி நேரம் காட்சியில்தான் இருக்கும். ஒரு துண்டு தூரம் போயே ஆகவேண்டுமானால் எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி இடப்புறமாகச் செல்லுங்கள். ஊருக்கு வெளியே இருவழிச் சாலையில் பாதசாரிகளுக்கு இத்தாலியச் சட்டமும் அதையே விதிக்கிறது.

மழைக்கு மறுநாள் காலையில் வயலோர மண்தடத்தில் இறங்குவது தவறு என்பதை ஒரே தடவையில் கற்றுக்கொள்ளலாம். இந்தச் சாம்பல் நிறக் களிமண் ப்ளையோசீன் காலத்தில், 25 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு, கடலடியில் படிந்தது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் காலணியின் அடியில் ஒட்டி, ஒவ்வோர் அடிக்கும் ஒரு பூச்சு ஏறி, காலைத் தூக்கவே முடியாதபடி கனக்கும். அடியில் ஆழமான பள்ளங்கள் வைத்த காலணியும் இதற்கு உதவாது. அப்படிப்பட்ட நாளில் "ஸ்த்ராதே பியாங்கே" எனப்படும் வெள்ளைச் சரளைச் சாலைகளை விட்டு விலகாதீர்கள். உலர்ந்த நாளில் அதே சாலைகளுக்கு ஓரளவு பிடிப்புள்ள சாதாரண ஓட்டக் காலணி போதும். கார் வரும்போது மட்டும் காற்று வரும் பக்கமாக ஒதுங்கி நின்றால் புழுதி முகத்தில் அடிக்காது.

கோடையில் நிழல் இருக்காது. படங்களில் பார்க்கும் சைப்ரஸ் மரங்கள் ஒல்லியானவை, உச்சிவெயிலில் அவற்றின் கீழ் ஒருவர் நிற்கக்கூட நிழல் விழாது. வெண்ணிறச் சாலை வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். ஜூலையில் ஆறு மணிக்குள் விடிந்துவிடுகிறது, அப்போதே புறப்பட்டுவிடுங்கள். ஊர்களுக்கு நடுவே தண்ணீர் கிடைக்கும் என்று நம்பவேண்டாம். குழாயின் மேல் "நோன் பொத்தாபிலே" என்று எழுதியிருந்தால் அது குடிப்பதற்கான நீர் இல்லை. மதியம் ஒரு மணிக்கு மேல் சிறு கடைகள் பலவும் மூடிவிடும்.

செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு முதல் ஜனவரி கடைசி வரை வேட்டைக் காலம். இத்தாலியச் சட்டப்படி செவ்வாயும் வெள்ளியும் வேட்டைக்கு விடுமுறை. காட்டோரப் பாதைகளை அந்த இரண்டு நாட்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது. மற்ற நாட்களில் ஆரஞ்சு போன்ற பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள். காட்டுப்பன்றி வேட்டை நடப்பதாக அறிவிக்கும் பலகை வழியில் இருந்தால் அன்றைய ஓட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

பியன்சாவின் செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டி புகழ்பெற்றது. ஆகவே மந்தைகளும் உண்டு, மந்தைகளைக் காக்கும் பெரிய வெள்ளை மரேம்மா நாய்களும் உண்டு. அவை மந்தையோடு வளர்ந்தவை, ஓடி வரும் எதையும் ஆபத்தாகவே எண்ணும். குரைத்தபடி வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடங்கள். கண்ணோடு கண் பார்க்காமல், முதுகையும் காட்டாமல், மந்தையை விட்டு அகலமாகச் சுற்றிப் போங்கள். ஆடுகளுக்கு நடுவே புகாதீர்கள். காதில் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தால் இந்தக் குரைப்பு எட்டாது, அதனால் பள்ளத்தாக்கில் நான் பாட்டுக் கேட்பதே இல்லை. அவசர உதவிக்கு எண் 112.

உள்ளூர்ப் பந்தயத்தில் கலந்துகொள்ள நினைப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவச் சான்றிதழ் பற்றி விசாரித்துக்கொள்ள வேண்டும். நேரம் குறித்து வரிசைப்படுத்தும் போட்டிகளுக்கு 1982ஆம் ஆண்டின் அரசாணைப்படி இத்தாலியில் விளையாட்டு மருத்துவச் சான்று கேட்கக்கூடும்.

முதல் நாளுக்கு எனக்குப் பிடித்த பாதை மிகச் சிறியது. ஊருக்குக் கீழே, பத்துப் பதினைந்து நிமிட நடையில், கோர்சிஞானோ என்ற பழைய கிராமத்தின் தேவாலயம் இருக்கிறது. பியன்சாவுக்கு முன்பு ஊரின் பெயரே கோர்சிஞானோதான். அங்கே 1405இல் பிறந்து அந்தத் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, பின்னாளில் இரண்டாம் பயஸ் (இத்தாலிய மொழியில் பியோ) என்ற போப்பாக ஆனார். 1459இல் கட்டடக் கலைஞர் ரொசெல்லினோவைக் கொண்டு பிறந்த ஊரைப் புதிதாகக் கட்டத் தொடங்கி, தன் பெயரையே அதற்குச் சூட்டினார். தேவாலய முகப்பின் வாசலுக்கு மேலே இரட்டை வால் கொண்ட கடற்கன்னி ஒருத்தி கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு மதில் வரை ஏறுங்கள். மூச்சு சீராக இருந்தால் இன்னொரு முறை இறங்கி ஏறுங்கள். மறுநாள் எழுந்து படியில் கால் வைக்கும்போது தொடை வலிக்கவில்லை என்றால் மொந்திக்கியெல்லோவுக்குப் புறப்படலாம்.