பினாங்கு தேசியப் பூங்கா: நடந்து போய்ப் படகில் திரும்பும் கடலோர வட்டம்

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங்கில் சாலை முடிகிற இடத்தில் இந்தப் பூங்கா தொடங்குகிறது. 2003-இல் தேசியப் பூங்காவாக ஆனது. காட்டு நடைக்குப் புதியவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: கரையோரமாக மங்கி பீச்சுக்கு நடங்கள், கலங்கரை விளக்கத்துக்கு ஏறுங்கள், படகில் திரும்புங்கள். மேலிருந்து பார்த்த குடாக்களையெல்லாம் திரும்பும்போது கடலிலிருந்து பார்க்கலாம்.

ஜார்ஜ் டவுன் நகரின் கொம்தார் கட்டடத்திலிருந்து 101-ஆம் எண் பேருந்து பூங்கா வாசலுக்கே வரும். பசியாறிவிட்டு எட்டரைக்கெல்லாம் அங்கே இருங்கள். பத்து மணிக்கு மேல் புழுக்கம் ஆளை வாட்டிவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிமானமுள்ள சப்பாத்து இரண்டும் கட்டாயம். சிலிப்பர் வேண்டவே வேண்டாம்.

முதலில் அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்து, நடக்கத் தொடங்குமுன்பே படகைப் பேசி முடியுங்கள். கூலி படகுக்கா, ஆளுக்கா என்று தெளிவாகக் கேளுங்கள். எத்தனை மணிக்கு, எந்தக் கடற்கரையில் என்றும் சொல்லி, படகுக்காரரின் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறிது தூரத்தில் ஒரு தொங்குபாலம் வரும். அதைத் தாண்டியதும் பாதை பிரியும். இடப்பக்கம் மலையேறி கெராச்சுட் கடற்கரைக்குப் போகும். ஆமைகள் முட்டையிடும் அந்த இடத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வலப்பக்கம்.

இனிதான் உண்மையான நடை. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் காலுக்குக் கீழே கருங்கல் பாறைகளில் அலை. பாதை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மரவேர்கள் குறுக்கே ஓடும். மழை பெய்திருந்தால் வேரின் மேல் கால் வைக்காதீர்கள், இரண்டு வேர்களுக்கு நடுவே மண்ணில் வையுங்கள். சரிவுகளில் வேகம் காட்டாமல் பக்கவாட்டில் இறங்கினால் முட்டிக்கு நல்லது. வழியில் தெலுக் ஆலிங் குடாவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையம் தெரியும். அங்கே மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

வாசலிலிருந்து மங்கி பீச்சுக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர். புதியவர்களுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். பெயருக்கேற்ப குரங்குகள் உண்டு. கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் பறிக்க வரும். சாப்பாட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை இப்படி ஆகிவிட்டன.

அப்புறம் மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம். 1883-இல் கட்டியது. தூரம் கொஞ்சம்தான், ஆனால் செங்குத்தான ஏற்றம். தண்ணீர் பாதிக்குக் கீழே போயிருந்தால் ஏறாதீர்கள், கடற்கரையிலேயே இருந்துவிடுங்கள்.

அலை பெரிதாக இருந்தால் படகு வராமல் போகலாம். அப்போது வந்த வழியே நடக்க வேண்டும். ஆகவே படகைப் பிற்பகல் இரண்டு மணிக்கே மங்கி பீச்சுக்கு வரச் சொல்லுங்கள். மூன்று மணிவரை வராவிட்டால் காத்திருக்காமல் நடக்கத் தொடங்கிவிடுங்கள், வெளிச்சத்திலேயே வாசலுக்கு வந்துவிடலாம்.