ராத்திரி கயாக்ல ஒளிரும் தண்ணி பாக்கப் போறீங்களா? முதல்ல நிலா எப்போ உதிக்குதுன்னு பாருங்க

இந்த ட்ரிப் புக் பண்றவங்க நெறைய பேர் லீவு எப்போ கிடைக்குதோ அந்த தேதியப் போட்டுடுறாங்க, ரேட்டு பாக்குறாங்க, ரிவ்யூ பாக்குறாங்க, நிலாவ மட்டும் பாக்குறதில்ல. ஆனா நீங்க பாக்கப் போறது தண்ணில வாழுற கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிருங்க தண்ணி அசையும்போது விடுற ரொம்ப மங்கலான வெளிச்சம், அது கண்ணுக்குத் தெரியணும்னா சுத்தி இருட்டு இருந்தே ஆகணும், அதனால கயாக் (துடுப்பு போட்டு ஓட்டுற குட்டிப் படகு) எப்படி, கைடு யாருங்கறதெல்லாம் அப்புறம், முதல்ல இருட்டுக்கு ஏற்பாடு பண்ணுங்க.

அமாவாசை தான் பெஸ்ட்டுன்னு எல்லாரும் சொல்வாங்க, அமாவாசைக்கு எடம் கிடைக்கலன்னா என்ன பண்றதுன்னு யாரும் சொல்றதில்ல. பௌர்ணமி அன்னிக்கு சூரியன் மறையுற நேரத்துக்கே நிலா வந்துடும், அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் சராசரியா 50 நிமிஷம் லேட்டா உதிக்கும். அப்போ பௌர்ணமி முடிஞ்சு நாலு அஞ்சு நாள் தாண்டிட்டாலே, இருட்டினதுக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம் போல நிலா இல்லாத வானம் கிடைச்சிடும், ஒரு டூருக்கு அது போதும். தேய்பிறை அஷ்டமிக்கு அப்புறம்னா நடுராத்திரி வரைக்கும் கவலையே இல்ல. வளர்பிறைல கதை வேற, சாயங்காலமே நிலா மேல நிக்கும், திருதியை சதுர்த்தி வரைக்கும்னா சீக்கிரம் மறைஞ்சிடும், அன்னிக்கு லேட் ஸ்லாட் கேட்டு வாங்குங்க. அதனால ரெண்டு தேதில எதுன்னு குழப்பமா இருந்தா கண்ண மூடிக்கிட்டு தேய்பிறை பக்கம் போங்க.

நேரமும் முக்கியம். சூரியன் மறைஞ்ச உடனே கெளம்புற டூர்ல முதல் பாதி வானம் வெளுப்பாவே இருக்கும், சுமார் ஒண்ணரை மணி நேரம் கழிச்சு தண்ணில இருக்குற மாதிரி பாத்துக்கோங்க. பூமத்திய ரேகைய விட்டு ரொம்ப தள்ளி இருக்குற ஊர்கள்ல கோடைகாலத்துல இன்னும் லேட் ஆகும், அமெரிக்காவோட வாஷிங்டன் மாநிலத்துல சான் ஹுவான் தீவுகள் பக்கமெல்லாம் ராத்திரி 11 மணி ஆயிடும் வானம் நல்லா கறுக்கறதுக்கு.

எடத்தப் பொறுத்தவரைக்கும், கரீபியன் கடல்ல போர்ட்டோ ரிக்கோவச் சேந்த வியெக்கஸ் தீவுல இருக்குற மொஸ்கிட்டோ பேங்கற குட்டி விரிகுடா தான் உலகத்துலயே பிரகாசமானதுன்னு கின்னஸ்லயே இருக்கு. வாய் குறுகலா, சுத்தி மாங்குரோவ் காடு, உள்ள வந்த தண்ணி லேசுல வெளிய போகாது, எலை மக்கி சத்தும் சேந்துடும், அதனால பைரோடினியம்ங்கற, ஒத்த செல் மட்டுமே உள்ள உயிர் அங்க வருஷம் பூரா கூட்டம் கூட்டமா வாழுது. ஃப்ளோரிடால இந்தியன் ரிவர் லகூன்ங்கற காயல்ல அதே உயிர்தான், ஆனா கோடைல இருந்து அக்டோபர் வரைக்கும் தான், குளிர்காலத்துல அங்க கோம்ப் ஜெல்லின்னு கண்ணாடி மாதிரி ஒரு கடல் உயிர் வரும், அது தொட்டா மினுங்கும், கொட்டாது. ஆனா எந்த எடமும் நிரந்தர கேரண்டி இல்லைங்க, 2017ல மரியா புயல் அடிச்சப்போ மொஸ்கிட்டோ பேவே மங்கிப் போய் மாசக்கணக்குல ஆச்சு திரும்பி வர. பெரிய மழை பெஞ்சு நல்ல தண்ணி நெறைய உள்ள வந்தாலும் வெளிச்சம் கொறையும், அதனால போறதுக்கு முன்னாடி நாள் ஃபோன் போட்டு "இந்த வாரம் எப்படி இருக்கு"ன்னு நேரடியா கேட்டுடுங்க, நல்ல ஆளுங்க உண்மையச் சொல்லுவாங்க.

அதே ஃபோன்லயே இன்னும் ரெண்டு மூணு விஷயம் கேளுங்க. ஒரு கைடுக்கு எத்தன பேர், இடி மின்னல்னு கேன்சல் ஆனா பணம் திரும்ப வருமா வேற தேதி தருவாங்களா, அந்த எடத்துல படகு விட பெர்மிட் இருக்கா. பௌர்ணமி அன்னிக்கு கூட "சூப்பரா தெரியும் வாங்க"ன்னு சொல்ற ஆள்கிட்ட புக் பண்ணாதீங்க, என்னோட கருத்து இதுல ரொம்ப கறார். தண்ணில எறங்கி நீந்தலாமான்னும் கேட்டுக்கோங்க, மொஸ்கிட்டோ பேலயும், அதே போர்ட்டோ ரிக்கோல ஃபஹார்டோ ஊர்ல இருக்குற லகூனா கிராண்டேலயும் நீந்தக்கூடாதுன்னு தடை இருக்கு, அங்கயே இருக்குற லா பர்கேரால நீந்தலாம்.

டிரஸ் விஷயத்துல காட்டன் வேணாம், நனைஞ்சா காயாது, குளிரும். சீக்கிரம் காயுற முழுக்கை சட்ட, நீள பேண்ட், பின்னாடி ஸ்ட்ராப் இருக்குற செருப்பு, கண்ணாடி போடுறவங்க அதுக்கு ஒரு கயிறு. முழுக்கை சட்ட ஏன்னா மாங்குரோவ் பக்கம் கொசு பிச்சு எடுக்கும், கொசு மருந்தோ சன்ஸ்க்ரீனோ உடம்புல பூசிட்டு போனா அது தண்ணில கரையும், அந்த சின்ன உயிருங்களுக்கு அது ஆகாது, நெறைய எடத்துல கைடே பூசிட்டு வராதீங்கன்னு சொல்லிடுவாங்க.

கரைல நிக்கும்போதே கண்ணத் தயார் பண்ண ஆரம்பிங்க. இருட்டுக்குப் பழக கண்ணுக்கு 20ல இருந்து 30 நிமிஷம் வேணும், நடுவுல ஒரே ஒரு தடவ ஃபோன் ஸ்க்ரீனப் பாத்தாலும் பழகுனது போயிடும், மறுபடி மொதல்ல இருந்து. அதனால ஃபோன ஆஃப் பண்ணி டிரை பேக்ல (தண்ணி புகாத பை) போட்டு மூடிடுங்க, வெளிச்சம் தேவைன்னா செவப்பு லைட்டு மட்டும். குரூப்புல யாராவது வெள்ள டார்ச் அடிச்சா நீங்க மட்டும் இல்ல, அத்தன பேருக்கும் அர மணி நேரம் போச்சு, கைடுகிட்ட கெளம்பறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் சொல்லச் சொல்லுங்க. ஆனா ஆபத்துக்குன்னு ஒரு வெள்ள டார்ச் படகுல இருக்கணும், மோட்டார் படகு பக்கத்துல வந்தா அதக் காட்டியாகணும்.

லைஃப் ஜாக்கெட்ட போட்டு பக்கிள மாட்டுனா மட்டும் பத்தாது. தோள் பட்டைய ரெண்டு கையால மேல இழுத்துப் பாருங்க, காது வரைக்கும் ஏறுச்சுன்னா லூஸ், பக்கத்து ஸ்ட்ராப்ப இறுக்குங்க. விசில் இருக்கான்னு பாருங்க, கைடு எத்தன தடவ ஊதுனா என்ன அர்த்தம்னு மனசுல வாங்கிக்கோங்க, ஏன்னா இருட்டுல கை காட்டுறது தெரியாது.

பெரும்பாலும் ரெண்டு பேர் உக்கார்ற கயாக் தான் தருவாங்க. முன்னாடி இருக்குறவங்க துடுப்பு போடுற வேகத்துக்கு பின்னாடி இருக்குறவங்க சேந்து போடணும், திருப்புறது பின்னாடி ஆளோட வேல, வலது பக்கம் மட்டும் போட்டா இடது பக்கம் திரும்பும். ராத்திரில எதிர்ல இருக்குற கயாக் எவ்வளவு தூரம்னு கண்ணுக்குப் பிடிபடாது, அதோட பின்னாடி மாட்டியிருக்குற குட்டி லைட்டப் பாத்துக்கிட்டு ரெண்டு மூணு கயாக் நீளம் தள்ளியே போங்க. கவுந்துட்டா கரைக்கு நீந்தாதீங்க, கயாக்க ஒரு கையால பிடிச்சுக்கோங்க, துடுப்ப விடாதீங்க, விசில் ஊதுங்க, கைடு வந்துடுவாங்க.

இப்போ பாக்குறது. இந்த உயிருங்க சும்மா ஒளிராது, தண்ணி அசைஞ்சு உடம்ப அழுத்தும்போது உள்ள அமிலத்தன்மை கூடி லூசிஃபெரேஸ்ங்கற நொதி வேல செய்யும், ஒரு நொடில பத்துல ஒரு பங்கு நேரம் தான் மின்னும். அடிக்கடி கலக்கிக்கிட்டே இருந்தா வெளிச்சம் கொறஞ்சுக்கிட்டே போகும், முதல் தொடல்ல தான் முழுப் பிரகாசம். அதனால எல்லாரும் சேந்து தண்ணிய அடிச்சு கலக்குற கும்பல்ல நிக்காதீங்க, கைடுகிட்ட சொல்லிட்டு யாரும் இன்னும் போகாத தண்ணிக்கு கொஞ்சம் ஓரமா நகருங்க. அங்க துடுப்ப மெதுவா எறக்குங்க, தகடு முங்குற எடத்துல நீலமா ஒரு சுழி பின்னாடியே ஓடும், துடுப்பத் தூக்குனா நுனில இருந்து சொட்டுற ஒவ்வொரு சொட்டும் விழுற எடத்துல ஒரு புள்ளி பத்தி அணையும். கைல தண்ணி அள்ளி முழங்கை வரைக்கும் ஓட விட்டா தோல் மேல பொடிப்பொடியா மினுக்கும், மீன் பயந்து ஓடுச்சுன்னா தண்ணிக்குள்ள கோடு இழுத்த மாதிரி தெரியும். ரொம்ப மங்கலா இருக்கும்போது நேரா உத்துப் பாக்காம கொஞ்சம் பக்கவாட்டுல பாருங்க, மங்கல் வெளிச்சத்தப் பிடிக்கிற செல் கண்ணோட ஓரத்துல தான் அதிகம். அந்த செல்லுக்கு நிறம் தெரியாது, அதனால சில ராத்திரி வெளிறின வெள்ளையா தான் தெரியும், நெட்டுல பாத்த ஃபோட்டோ மாதிரி ஊதா நீலம் எதிர்பாக்காதீங்க, அதெல்லாம் பல நொடி ஷட்டர் தொறந்து வெச்சு எடுத்தது.

தண்ணிய வாய்ல படாம பாத்துக்கோங்க, கைல கால்ல காயம் இருந்தா அத தண்ணில எறக்காதீங்க, பகல்ல அந்த எடம் செவப்பா பழுப்பா இருந்துச்சுன்னு கேள்விப்பட்டா அங்க புடிச்ச சிப்பி, மட்டி எதுவும் சாப்பிடாதீங்க, இந்த ஒளிர்ற உயிருங்கள்ல சிலது விஷம் சுரக்கும், சமைச்சாலும் போகாது.

ஃபோட்டோ வேணும்னா கயாக்ல உக்காந்துக்கிட்டு முயற்சி பண்ணாதீங்க, ஆடுற படகுல ஒண்ணும் வராது, நேரமும் வீண். டூர் முடிஞ்சு கரைக்கு வந்தப்புறம், மத்தவங்க கண்ணக் கெடுக்காம கொஞ்சம் தள்ளிப் போய், ட்ரைபாட்ல ஃபோன வெச்சு நைட் மோட்ல 10 நொடி எக்ஸ்போஷர், ஃப்ளாஷ் ஆஃப், டைமர் ஆன், தண்ணில எறங்கத் தடை இல்லாத எடம்னா கூட வந்தவங்கள முழங்கால் தண்ணில காலால லேசா அளையச் சொல்லுங்க.