தட்டைப் பாதமும் உட்கணுக்கால் வலியும்: என் அனுபவம்

வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குக் காலி வீதி வழியே நடந்து வேலைக்குப் போகும் எனக்கு, மாலையானால் உட்கணுக்காலுக்குக் கீழே வலி பிடித்துக்கொள்ளும். குதிக்கால் வலியென்று எண்ணி எண்ணெய் பூசியதிலும் பட்டி சுற்றியதிலும் 3 வாரங்கள் வீணாயின. மெத்தென்ற செருப்போ பாதத்தை மேலும் உள்ளே சாயவிட்டு வலியைக் கூட்டியது.

பழைய சப்பாத்தைக் கவிழ்த்தபோது, குதியின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தது. ஈரக்காலடியும் சீமெந்துத் தரையில் நடுவளைவின்றி முழுதாகப் பதிந்தது. ஆனால், நுனிக்காலில் நின்றால் வளைவு எழும்பியது. இதுவே நெகிழ்வான தட்டைப் பாதம் என்றும், வளைவைத் தாங்கும் தசைநார் களைத்தே வலிக்கிறது என்றும் இயன்மருத்துவர் விளக்கினார்.

உறுதியான வளைவுத் தாங்கியைச் சப்பாத்துக்குள் வைத்து, குதிகளுக்கிடையே டென்னிஸ் பந்தை இடுக்கியபடி தினமும் நுனிக்காலில் மெதுவாக எழுந்து இறங்கினேன். ஆறாவது வாரத்தில் வலி நின்றது. பாதம் இன்னும் தட்டைதான்.