‘அன்எக்ஸ்பெக்டட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையின்றிக் கையாள்வது எப்படி?

‘அன்எக்ஸ்பெக்டட்’ என்றால் என்ன பொருள் என்று கேட்டால், ஓரளவு ஆங்கிலம் படித்த எவரும் ‘எதிர்பாராத’ என்று சொல்லிவிடுவார். அகராதிகளும் அதையே தருகின்றன. அது சரியான பொருள்தான். ஆனால் தமிழர் இந்தச் சொல்லை வைத்து எழுதும் வாக்கியங்களில் நேரும் பிழைகளில் பல, இந்தச் சரியான பொருளை அப்படியே நம்பிவிடுவதால் வருகின்றன. ‘எதிர்பாராத’ என்பது தமிழில் எதிர்மறைப் பெயரெச்சம். அது வினையிலிருந்து பிறந்ததால், எழுவாயையும் செயப்படுபொருளையும் தன்னோடு அழைத்துவரும் ஆற்றல் அதற்கு உண்டு. ‘அன்எக்ஸ்பெக்டட்’ என்பதோ முழுக்க முழுக்கப் பெயரடையாகிவிட்ட சொல்.

சொல்லின் கட்டமைப்பு எளிது. ‘எக்ஸ்பெக்ட்’ என்ற வினையிலிருந்து ‘எக்ஸ்பெக்டட்’ பிறக்கிறது. அதற்கு முன்னால் ‘அன்’ என்ற எதிர்மறை முன்னொட்டு சேர்கிறது. ‘எக்ஸ்பெக்ட்’ லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதன் வேர் ‘வெளியே பார்த்தல்’ என்ற பொருளைத் தருகிறது. எதிர்பார்த்தல் என்ற நம் சொல்லிலும் பார்வையே இருப்பது ஓர் இனிய ஒற்றுமை. ஆனால் ‘அன்எக்ஸ்பெக்ட்’ என்று ஒரு வினைச்சொல் ஆங்கிலத்தில் வழங்குவதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒலிப்பைப் பொறுத்தவரை இது நான்கு அசைகள் கொண்டது: அன், இக்ஸ், பெக், டிட். அழுத்தம் மூன்றாவது அசையான ‘பெக்’ மீது விழுகிறது.

இனி முதன்மையான சிக்கலுக்கு வருவோம். தமிழில் ‘நான் எதிர்பாராத விருந்தினர்’ என்று தடையில்லாமல் சொல்கிறோம். எதிர்பாராதவர் யார் என்பதை ‘நான்’ காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஆன் அன்எக்ஸ்பெக்டட் கெஸ்ட்’ என்று மட்டுமே சொல்ல முடியும். யார் எதிர்பார்க்கவில்லை என்பதைப் பெயரடைக்கு முன்னால் செருக இடமே இல்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டுமானால் பெயரடையைக் கைவிட்டு, ‘எ கெஸ்ட் ஐ டிட் நாட் எக்ஸ்பெக்ட்’ என்று வினையைக் கொண்டு எழுத வேண்டும். இதை உணராதவர்கள், தாங்கள் எதிர்பார்க்கவில்லை என்று சொல்ல நினைத்து ‘ஐ வாஸ் அன்எக்ஸ்பெக்டட்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதைப் படிக்கும் ஆங்கிலேயர், உங்கள் வரவை மற்றவர்கள் எதிர்பார்க்கவில்லை என்றே பொருள் கொள்வார். எதிர்பார்க்காதவர் யார், எதிர்பார்க்கப்படாதவர் யார் என்பது தலைகீழாகிவிடுகிறது. ‘ஐ வாஸ் சர்ப்ரைஸ்டு’ என்ற வாக்கியம் சரியாக இருப்பதால் இதுவும் சரியாக இருக்கும் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் ‘சர்ப்ரைஸ்டு’ வியப்படைந்த மனிதரைக் குறிக்கும் சொல். ‘அன்எக்ஸ்பெக்டட்’ வந்து சேர்ந்ததைக் குறிக்கும் சொல்.

இதே வேறுபாட்டால் வரும் மற்றொரு பிழை இன்னும் நுட்பமானது. ‘கைம்மாறு எதிர்பாராத உதவி’ என்ற தொடரை ஆங்கிலமாக்கும்போது ‘அன்எக்ஸ்பெக்டட் ஹெல்ப்’ என்று எழுதினால், உதவி செய்தவரின் தன்னலமின்மை காணாமற்போய், உதவி திடுமென வந்தது என்ற செய்தி மட்டும் எஞ்சும். இங்கே எதிர்பார்க்கப்படாதது கைம்மாறு, உதவி அன்று. ஆகவே ‘செல்ஃப்லெஸ்’ போன்ற சொல்லே பொருந்தும். மொழிபெயர்க்கும் முன் ‘எதிர்பார்க்கப்படாதது எது?’ என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் இந்தக் குழப்பம் எழாது.

வாக்கியத்தில் இச்சொல் பெரும்பாலும் நிற்கும் இடங்கள் இரண்டு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரலாம். அல்லது ‘தி ரிசல்ட் வாஸ் அன்எக்ஸ்பெக்டட்’ என்பதுபோல் ‘வாஸ்’ போன்ற வினைக்குப் பின்னால் வரலாம். உயிரொலியில் தொடங்குவதால் இதற்கு முன் ‘எ’ வராது, ‘ஆன்’ தான் வரும். ஆனால் ‘நியூஸ்’ எண்ண முடியாத பெயர் என்பதால், ‘அன்எக்ஸ்பெக்டட் நியூஸ்’ என்பதற்கு முன் ‘ஆன்’ சேர்ப்பது பிழை. வினையை விளக்க வேண்டிய இடத்தில் ‘லி’ சேர்த்து ‘அன்எக்ஸ்பெக்டட்லி’ என்று எழுத வேண்டும்: ‘ஹி அரைவ்டு அன்எக்ஸ்பெக்டட்லி’ என்றால் அவர் எதிர்பாராத விதமாக வந்தார். தமிழில் ‘விதமாக’ என்று நாம் சேர்ப்பதன் வேலையை அங்கே ‘லி’ செய்கிறது. ‘தி’ என்ற சுட்டோடு சேர்ந்து ‘தி அன்எக்ஸ்பெக்டட்’ என்று வந்தால், எதிர்பாராதவை எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும் பெயராகவே அது நிற்கும்.

நெருங்கிய பொருளுடைய சொற்களோடு இதைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. ‘சடன்’ வேகத்தைப் பற்றியது. ‘அன்எக்ஸ்பெக்டட்’ நம் கணிப்பைப் பற்றியது. பல ஆண்டுகளாக மெல்ல மெல்ல நிகழ்ந்த மாற்றம்கூட ‘அன்எக்ஸ்பெக்டட்’ ஆக இருக்கலாம். அது ‘சடன்’ ஆகாது. மாறாக, நாமே நேரம் குறித்து வைத்த கடிகார மணி ‘சடன்’ ஆக ஒலிக்கும், ஆனால் எதிர்பாராதது அன்று. தமிழில் ‘திடீரென்று’ இரண்டு வேலையையும் செய்வதால் நமக்கு இந்த எல்லைக்கோடு எளிதில் புலப்படுவதில்லை. ‘சர்ப்ரைசிங்’ என்பதில் வியப்பு என்ற உணர்ச்சி கலந்திருக்கிறது. ‘அன்ஃபோர்சீன்’ பெரும்பாலும் இடையூறுகளுக்கே வழங்கும் சற்று அலுவல்நடைச் சொல். பரிசுக்கு அதைப் பயன்படுத்தினால் வினோதமாக இருக்கும். ‘அன்ப்ரெடிக்டபிள்’ ஒன்றின் இயல்பைச் சொல்வது: எப்போது என்ன செய்வார் என்று சொல்ல முடியாத மனிதர் ‘அன்ப்ரெடிக்டபிள்’, அழைக்காமல் வந்து நிற்கும் மனிதர் ‘அன்எக்ஸ்பெக்டட்’.

இச்சொல்லுக்கு நன்மை தீமை என்ற சார்பு இல்லை. மரணத்துக்கும் பரிசுக்கும் ஒன்றுபோல் பொருந்தும். ‘நாட் அன்எக்ஸ்பெக்டட்’ என்ற இரட்டை எதிர்மறையும் ஆங்கிலத்தில் வழக்கில் உண்டு. ஆனால் அது ‘எக்ஸ்பெக்டட்’ என்பதற்கு முழுச் சமமாகாது. ஓரளவு ஊகித்திருந்தோம், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு அல்ல என்ற அடக்கமான தொனி அதில் இருக்கிறது; எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இதுதான்.

யார் எதிர்பார்க்கவில்லை என்பதைச் சொல்லாமல் விடும் இயல்பே இச்சொல்லை அலுவல் கடிதங்களுக்கு உகந்ததாக்குகிறது. ‘அன்எக்ஸ்பெக்டட் டிலே’ என்று எழுதினால் தாமதத்தை யார் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழாமல் போய்விடும். கணினித் திரையில் தோன்றும் ‘அன்எக்ஸ்பெக்டட் எரர்’ என்ற அறிவிப்பும் இப்படித்தான்: அந்தப் பிழைக்கு நிரலை எழுதியவர் தனியாக வழி செய்து வைக்கவில்லை என்பதே அதன் பொருள், ஆனால் அவர் அந்த வாக்கியத்தில் எங்கும் தென்படுவதில்லை. பொறுப்பை ஏற்றுக்கொண்டு எழுத வேண்டிய கடிதமாக இருந்தால், இந்தப் பெயரடையை விட்டுவிட்டு ‘வி டிட் நாட் எக்ஸ்பெக்ட் திஸ் டிலே’ என்று எழுவாயோடு எழுதுங்கள்.